டாக்குரியாவிலிருந்து ஒரு பார்சல் குப்பை

துவாக்குடி, திருச்சி
20.11.1996

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இதை எழுதிவிட்டு அடுத்த வரி வராமல் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். மார்ச்சில் ஹவுராவில் ரயில் ஏறியவன் நவம்பரில் கடிதம் எழுதுகிறான். நடுவில் அனுப்பிய தீபாவளி வாழ்த்து அட்டையை நீ கடிதமாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாய். அதில் கையெழுத்தைத் தவிர என்னுடையது எதுவும் இல்லை.

காரியத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி இத்தனை நாளும் சர்க்கரை ஆலைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பாய்லர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. கரும்புச் சக்கையும் உமியும் போட்டு எரிக்கிற பாய்லர். இப்போது முதலாளிக்குப் புதிதாக ஒரு யோசனை வந்திருக்கிறது. ஊர்க் குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பது. வீட்டுக் குப்பை, கடைக் குப்பை எல்லாவற்றையும் எரித்து, அந்தச் சூட்டில் நீராவி எடுத்து, டர்பைனைச் சுற்றவைப்பது. எந்த ஊரில் முதலில் செய்யலாம் என்று பேச்சு வந்தபோது கல்கத்தா என்று நான்தான் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே காது சூடாகிவிட்டது.

மேனேஜர் வீரராகவன் சிரித்துக்கொண்டே, "பதினஞ்சு வருஷம் அங்க குப்பை கொட்டினவர் நீங்க. ஆலை வந்துச்சுன்னா நீங்கதான் அங்க இன்சார்ஜ்" என்றார். நிரந்தரமாக. கல்கத்தாவில். படித்துவிட்டாயா?

அதற்கு முன்னால் அந்த ஊர்க் குப்பை எரியுமா என்று பார்க்க வேண்டும். லேப்பில் கொஞ்சம் எரித்து எவ்வளவு சூடு வருகிறது என்று அளப்பார்கள். ஊருக்குக் கிழக்கே மேட்டில் கொட்டுகிறார்களே, அந்தக் குப்பை உதவாது. அங்கே போய்ச் சேர்வதற்குள் மாடும் காக்காயும் பொறுக்குகிறவர்களும் அவரவர் பங்கை எடுத்துவிடுவார்கள். வீட்டு வாசலிலேயே, கடை வாசலிலேயே எடுக்க வேண்டும். ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பலாம்தான். ஆனால் முன்பின் தெரியாதவன் வந்து கதவைத் தட்டிக் குப்பை கேட்டால் நம் தெரு அவனை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். அதனால் உன்னைக் கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது. அதுவும் ஒரு கடிதம்தானே.

இங்கே லேப்பில் உமி எரிகிற வாசனை வரும்போதெல்லாம், சாயங்காலம் நம் தெருவில் கரி அடுப்பைப் பற்றவைத்து வாசலில் கொண்டுவந்து வைப்பார்களே, அந்தப் புகை ஞாபகம் வருகிறது. கண் எரிகிறது என்று ஜன்னலை அறைந்து சாத்தியவன் நான்தான். இப்போது அந்தப் புகைக்காக மூக்கு அலைகிறது.

இப்படிக்கு,
ஜெயபிரகாஷ்


டாக்குரியா, கல்கத்தா
2.12.1996

அன்புள்ள உங்களுக்கு,

எட்டு மாதம் கழித்து மனைவிக்குக் கடிதம் போட்டு, குப்பை அனுப்பு என்று கேட்ட புருஷன் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். நலம் விசாரித்ததற்கு நன்றி. நலம்தான். பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் பத்தாம் வகுப்புக்கும் பூகோளம் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஹவுரா பிளாட்பாரத்தில் நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "இந்த ஊர் செத்துப்போச்சு பூர்ணிமா. இதைக் கட்டிக்கிட்டு நீ அழு, நான் போறேன்." நானும் வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லை. "போங்க, நீங்களாத் திரும்பி வருவீங்க" என்றேன். அதற்குப் பிறகு எட்டு மாதம். செத்துப்போன ஊரின் குப்பை மட்டும் இப்போது வேண்டியிருக்கிறதாக்கும்.

கோபத்தில் கடிதத்தைக் கீழே கொண்டுபோய் மாஷிமாவிடம் படித்துக் காட்டினேன். வீட்டுச் சொந்தக்காரி என்றாலும் நான் பிறந்ததிலிருந்து என்னைப் பார்க்கிறவள், நீங்கள் அவளுக்கு மாப்பிள்ளை. "ஜாமாய் மொய்லா சேயேசே?" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை குப்பையா கேட்டிருக்கிறார் என்று நாலு தரம் கேட்டாள். குப்பை எதற்கு, நல்ல சந்தேஷ் இனிப்பாக ஒரு பெட்டி அனுப்பலாமே என்றாள். அப்புறம் யோசித்து, "எடுத்துப் பார்க்கட்டும், எங்க வீட்டுக் குப்பையில என்ன குறைச்சல்?" என்று தன் தொட்டியை என் முன்னால் இழுத்துப் போட்டுவிட்டாள்.

பார்த்தேன். காலிஃபிளவர் இலை. பட்டாணித் தோல். மீன் செதில். தேயிலைச் சக்கை. பூஜையில் வாடிய செவ்வந்தி. உடைந்த மண் குவளை. கரி அடுப்புச் சாம்பல், அதன் மேல் இன்னும் கொஞ்சம் சாம்பல். மூலை வீட்டு சிவராமகிருஷ்ணன் சாருடைய தொட்டியில் இதே சமாசாரம், மீன் செதிலுக்குப் பதில் கறிவேப்பிலைக் காம்பு.

இல்லாததையும் சொல்கிறேன். காகிதம் இல்லை. அதைக் காகஜ்வாலா தராசில் நிறுத்து வாங்கிக்கொண்டு போகிறான், அடுத்த வாரம் அது சுப்பு கடைப் பொட்டலமாக நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது. தேங்காய் நார் இல்லை, சாயங்காலம் சாம்பிராணிப் புகை போட வேண்டும். பழைய புடவை இல்லை, மெத்தை விரிப்பாகத் தைத்துவிடுகிறார்கள். அரைகுறையாக வெந்த கரியைக்கூடச் சாம்பலிலிருந்து பொறுக்கி எடுத்து உருண்டை பிடித்து மறுபடி அடுப்பில் போடுகிறார்கள். எரியக்கூடிய எதையும் எங்கள் தெரு குப்பையில் போடுவதில்லை. இதில் நீங்கள் எதை எரிக்கப் போகிறீர்களோ தெரியவில்லை.

பூர்ணிமா

பி.கு.: எத்தனை கிலோ வேண்டும்?


துவாக்குடி
14.12.1996

அன்புள்ள பூர்ணிமா,

உன் கடிதம் வந்த அன்று சாப்பிடப் போகவில்லை. கோபத்தில் இல்லை. மாஷிமாவின் குப்பையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். மீன் செதில் என்று மொட்டையாக எழுதிவிட்டாயே, என்ன மீன் என்று எழுதக் கூடாதா? பட்டாணித் தோல் வந்துவிட்டது என்றால் குளிர் வந்துவிட்டது. இனி கமலா ஆரஞ்சுத் தோல் வரும், பனைவெல்லம் வந்த சட்டி உடைந்து கிடக்கும். வெயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆரஞ்சு உரித்தபடி நீ விடைத்தாள் திருத்துவாய். சுளையைவிட நார்தான் எனக்கு அதிகம் தருவாய். இங்கே டிசம்பரிலும் மின்விசிறி ஓடுகிறது. குளிருக்கு ஏங்குகிறேன் என்று சொன்னால் ஆபீஸில் சிரிக்கிறார்கள்.

எரியாது என்று நீ எழுதியது சரியாகவே இருக்கலாம். ஆனால் வீட்டுக் குப்பை மட்டும் இல்லையே. லேக் மார்க்கெட்டில் லக்ஷ்மிநாராயணன் கடை, மெஸ்களில் விழுகிற வாழையிலை, தையல் கடைத் துண்டுத் துணி, செருப்புக் கடை அட்டைப்பெட்டி, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடு.

எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கலக்கு. அடை தட்டுகிற மாதிரி வட்டமாகப் பரப்பு. நாலாகப் பிரி. எதிரெதிரே இருக்கிற இரண்டு கால்பாகத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மறுபடி கலந்து பரப்பு, மறுபடி நாலாகப் பிரி. பத்துக் கிலோ மிஞ்சும் வரை. அப்போதுதான் ஒரு கையளவு எடுத்தாலும் அதில் மொத்தத் தெருவும் இருக்கும். கனமான பிளாஸ்டிக் பையில் கட்டி, சாக்கில் வைத்துத் தைத்து, ஹவுராவில் ரயில் பார்சலில் போட்டுவிடு.

சிரமம்தான். எனக்காக என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

ஜெயபிரகாஷ்


டாக்குரியா
22.1.1997

அன்புள்ள உங்களுக்கு,

பார்சல் போய்விட்டது. ரசீது இதோடு இருக்கிறது.

இந்தத் தெருவில் எனக்கு இருந்த மானம் மரியாதையும் அதோடு போய்விட்டது. பூகோள டீச்சர் வாளியோடு வீடு வீடாகப் போனால் சும்மா விடுவார்களா? புருஷன் விட்டுப் போனதில் புத்தி பேதலித்துவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். தெருவுக்கே அண்ணனான ஜேபி-தா திரும்பி வருவதற்காக என்று மாஷிமா எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், மறுநாள் அவர்களாகவே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மித்ரா வீட்டு அண்ணி, "ஜேபி-தாவுக்கு" என்று சொல்லி, தின்று தீர்த்த கமலாத் தோலைத் தட்டில் வைத்து நீட்டினாள். டீக்கடைக்காரன் உடைந்த குவளைகளைக் கழுவியே கொடுத்தான். லக்ஷ்மிநாராயணன் சார் கடையில் வாழையிலைக் கட்டோடு ஒரு பொட்டலம் அப்பளத்தையும் கொடுத்து, அதை மட்டும் எரிக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

மீன் என்ன மீன் என்று கேட்டிருந்தீர்கள். பாப்தா. நீங்கள் கீழே சாப்பிட்டுவிட்டு வந்து, மேலே ஒன்றும் தெரியாதவர் போல என் ரசத்தையும் சாப்பிடுவீர்களே, அதே பாப்தா.

ஹவுராவில் பார்சல் கிளார்க் முதல் தடவை மூட்டையை வாங்க மாட்டேன் என்று துரத்திவிட்டான். கீழே ஒழுகுகிறது, நாறுகிறது என்று ஏக ரகளை. அடுத்த வாரம் போனபோது மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டான். எப்படி என்பதை நேரில் சொல்கிறேன். உங்களை நினைத்து மாடியில் நான் பட்ட பாடு கடிதத்தில் எழுதி முடியாது.

நேரில் என்று எழுதிவிட்டேன். எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

பூர்ணிமா


துவாக்குடி
17.2.1997

என் அன்புள்ள பூர்ணிமா,

எரிந்தது. என்ன அழகாக எரிந்தது தெரியுமா. வீரராகவன் லேப் சீட்டை என் மேஜையில் வைத்துத் தட்டினார். "என்ன சார் இது, உங்க ஊர்க் குப்பை உமிக்குப் பக்கத்துல வருது" என்றார். ஈரப்பதம் பதினாலு சதம். எனக்கே நம்பிக்கை வரவில்லை. மறுபடி எரிக்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். குப்பையை எரிப்பதில் ஈரம்தான் எமன். ஈரக் குப்பையை அடுப்பில் போட்டால் அது தன் சூட்டையெல்லாம் தன் தண்ணீரைக் காயவைக்கவே செலவழித்துவிடும். மின்சாரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. எண்ணெய் ஊற்றி ஊற்றித்தான் எரிக்க வேண்டும், ஒரு நாள் ஊற்றி மாளாமல் ஆலையை மூட வேண்டும். நம் நாட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். கல்கத்தா மட்டும் எப்படி என்று லேப்காரர்கள் கேட்டதற்கு, அது குளிர்காலம், அங்கே குளிர்காலக் காற்று வறண்ட காற்று என்று நானே விளக்கம் கொடுத்தேன்.

மே மாதம் முதலாளியும் வீரராகவனும் நானும் அங்கே வருகிறோம், கையெழுத்துப் போட. அதன் பிறகு கட்டி முடிக்க இரண்டு மூன்று வருஷம். நான் முதல் நாளிலிருந்தே அங்கேதான். கொஞ்சம் பெரிய வீடாக ஜாதவ்பூர் பக்கம் பார்க்கிறாயா? வேண்டாம், மாஷிமா வீட்டு மாடியே போதும். காலையில் லேக்கைச் சுற்றி நடக்கலாம். எண்பத்தைந்தில் நடந்த மாதிரி, உன் செருப்பு அறுந்தால் இந்தத் தடவை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். அன்றைக்கு எல்லாரும் பார்க்கிறார்கள் என்று கூச்சப்பட்டு முன்னால் நடந்துவிட்டேன்.

கல்கத்தாவில் ஒரு ஜன்னலைக்கூட இனி சாத்த மாட்டேன்.

உன்,
ஜே.பி.


டாக்குரியா
1.3.1997

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். பரீட்சை வேலை தலைக்கு மேல் இருக்கிறது. வீடு பற்றி அப்புறம் எழுதுகிறேன். மாஷிமா ஆசீர்வாதம் சொன்னாள்.

பூர்ணிமா


டாக்குரியா
16.3.1997

அன்புள்ள உங்களுக்கு,

போன கார்டில் எழுதியது பொய். பரீட்சை வேலை இருந்தது, ஆனால் அதனால் அல்ல. உங்கள் கடிதத்தைப் பிரித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈரப்பதம் பதினாலு சதம் என்ற வரியில் நின்றவள் இன்னும் அங்கேயே நிற்கிறேன்.

பார்சல் கிளார்க் துரத்திவிட்டான் என்று எழுதினேன் அல்லவா? மூட்டையை ரிக்‌ஷாவில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் ஒழுகியது. ரிக்‌ஷாக்காரன் திட்டிக்கொண்டே வந்தான். ஒழுகாமலும் நாறாமலும் இருந்தால்தான் வாங்குவார்கள் என்றால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மொட்டை மாடியில் பழைய புடவையை விரித்து, மூட்டையைப் பிரித்துக் கொட்டிக் காயப்போட்டேன். வடாம் போடுகிற அதே இடத்தில், அதே மாதிரி. காலையில் பரப்புவேன், மத்தியானம் கிளறிவிடுவேன், பனி விழும் முன்னால் மூடி வைப்பேன். பக்கத்தில் மாஷிமா பருப்பு வடாம் காயவைத்திருந்தாள். ஒரே வெயிலுக்கு இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டோம். காக்காய் விரட்டக் கையில் கம்போடு விடைத்தாள் திருத்தினேன். ஒரு வாரத்தில் எல்லாம் சருகு. மீன் செதில்கூட அப்பளமாக நொறுங்கியது. பார்சல் கிளார்க் மோந்து பார்த்துவிட்டு, "மூலிகையா?" என்று கேட்டான்.

சுத்தமாக அனுப்பினேன் என்று எனக்குப் பெருமை வேறு. ஈரம்தான் விஷயம் என்று நீங்கள் முன்பே ஒரு வரி எழுதியிருந்தால் அதை ஒழுக ஒழுக நானே மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்திருப்பேன். நீங்களும் என்ன செய்வீர்கள்? குப்பையைக் காயப்போடாதே என்று எந்த இன்ஜினியர் எழுதுவான்?

அந்தப் பதினாலு சதம் கல்கத்தாவின் கணக்கு இல்லை. நம் மாடி வெயிலின் கணக்கு. நிஜக் குப்பை சொதசொதவென்று இருந்தது. தினமும் அப்படித்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லிவிட்டேன். இதுவரைக்கும் நாலு நாள் முன்னாலேயே எழுதி, தபாலில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடந்தேன். போட்டால் நீங்கள் வரமாட்டீர்கள், போடாவிட்டால் வருவீர்கள். இதைவிடக் கஷ்டமான பரீட்சை நான் எழுதியதில்லை.

பூர்ணிமா


துவாக்குடி
25.3.1997

பூர்ணிமாவுக்கு,

படித்தேன்.

ஏன் சொன்னாய்? ஆபீஸில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். அடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் கையெழுத்து. ஆலை கட்டி முடித்து, கொளுத்திப் பார்த்து, எரியவில்லை என்று கண்டுபிடிக்க இன்னும் மூன்று வருஷம் ஆகும். அந்த மூன்று வருஷமும் நான் வீட்டில் இருந்திருப்பேன். உன்னோடு இருந்திருப்பேன். அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்று விட்டிருக்கலாமே.

வாய் திறக்காமல் இருந்தால் புருஷன் வீடு வந்து சேருவான் என்று தெரிந்தும் வாயைத் திறந்திருக்கிறாய். நான் வரவேண்டும் என்று உனக்கு நிஜமாகவே இருந்ததா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. "நீங்களாத் திரும்பி வருவீங்க" என்று சொன்னது நடந்துவிட்டால் உனக்கு ஜெயம். கம்பெனி அனுப்பி வந்தால் அது ஜெயம் ஆகாது. அதற்காகவா?

வீரராகவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேனா என்றும் தெரியவில்லை.

ஜெயபிரகாஷ்


டாக்குரியா
6.4.1997

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், அப்புறம் கோபம் வந்தது, அப்புறம் சாதம் வைத்தேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டீர்கள். பெஹாலாவில் உங்கள் தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்ட வருஷத்தை நினைத்துப் பாருங்கள். கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் நீங்கள் வழக்கம் போலக் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, டிபன் கேரியரைக் கேட்டீர்கள். நானும் ஒன்றும் கேட்காமல் கட்டிக் கொடுத்தேன். அப்படி மாசக்கணக்காகப் போனீர்கள். ஒரு நாள் எங்கள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டது. பஸ் பிடித்து பெஹாலாவுக்கு வந்தேன். இதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. பூட்டின கேட்டுக்கு எதிரே, டீக்கடை ஓரத்தில், கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சீட்டு விளையாடினார்கள். நீங்கள் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன். சாயங்காலம் காலி கேரியரை வாங்கிக் கழுவினேன்.

நீங்கள் கட்டப்போகிற ஆலைக்கு முன்னால் உங்களை இன்னொரு தடவை அப்படிப் பார்க்க என்னால் முடியாது. அந்தத் தடவை பூட்டியது யாரோ. இந்தத் தடவை உங்கள் கையாலேயே எரியாத குப்பைக்கு எண்ணெய் ஊற்றி ஊற்றி, உங்கள் பேரிலேயே பூட்டுப் போடுவார்கள். எல்லாரும் ஜேபி-தா கொண்டுவந்த ஆலை என்பார்கள். எனக்கு நீங்கள் மூன்று வருஷத்துக்கு வேண்டாம். அதற்குப் பிறகும் வேண்டும்.

ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருஷம் இந்த ஊரில் இருந்தவர். மழையில் முழங்கால் தண்ணீரில் ஆபீஸ் போனவர். இந்த ஊர்க் குப்பையில் பதினாலு சதம்தான் ஈரம் என்று லேப் சொன்னால் நீங்கள் சிரித்திருக்க வேண்டாமா? குளிர்காலக் காற்று என்று விளக்கம் வேறு கொடுத்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வர அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது. அந்த ஆசையை என்னிடம் ஒரு வரியில் சொல்வதை விட்டு, ஊர்க் குப்பையை எல்லாம் திரட்டி, முதலாளியைக் கூட்டி, டர்பைன் வாங்கி, அதன் பின்னால் ஒளிந்துகொண்டு வரப் பார்த்தீர்கள். ஒரு டிக்கெட் போதாதா?

ஜெயம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வருஷம் ஆரஞ்சை நார் எடுக்காமல் தனியாகத் தின்றேன். இதுதான் என் ஜெயம்.

எனக்கு நீங்கள் வேண்டும். வேலையோடு வந்தாலும் சரி, இல்லாமல் வந்தாலும் சரி. போதுமா? இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது. வீரராகவனிடம் சொல்லிவிடுங்கள்.

பூர்ணிமா


திருச்சி ஜங்ஷன்
26.5.1997

என் பூர்ணிமாவுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்கு என்னைத் திட்டியிருப்பாய். திட்டு.

உன் கடிதம் வந்த மறுநாளே வீரராகவனிடம் சொன்னேன். மாடி, புடவை, காக்காய், மாஷிமாவின் வடாம், பார்சல் கிளார்க், ஒன்று விடாமல் சொன்னேன். மனுஷர் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "நல்லவேளை சார். உங்க வீட்டம்மா கம்பெனியைக் காப்பாத்திட்டாங்க" என்றார். பிறகு என் பேரைச் சொல்ல வைத்து ஆள் அனுப்பி உன் தெருவிலேயே மறுபடி எடுத்துவரச் சொன்னார், நீயே பார்த்திருப்பாய். இரும்பு டிரம்மில் மூடி லாரியில் வந்தது. திறந்தபோது லேப்பே காலியாகிவிட்டது, நான் மட்டும் நின்றேன். மாம்பழத் தோல், வெள்ளரிக்காய், தேயிலைச் சக்கை, சாம்பல். பாதிக்கு மேல் தண்ணீர். எண்ணெய் ஊற்றியும் புகைந்ததே தவிர எரியவில்லை. அதற்கு முன்னால் நின்றபோது எனக்கு வருத்தமே வரவில்லை. நம் தெருதான், அப்படியே வந்து இறங்கியிருந்தது. பைலை மூடிவிட்டார்கள். கல்கத்தா இல்லை என்று ஆகிவிட்டது.

எனக்குத் தண்டனை கிடைக்கவில்லை, பதவி கிடைத்தது. உண்மையைச் சொன்னவன் என்று முதலாளி என்னை டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவனாகப் போட்டார். குவார்ட்டர்ஸ் உண்டு. சாவியைக் கொடுத்து, வீட்டைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். போனேன். இரண்டு படுக்கையறை, நல்ல சமையலறை, தண்ணீர் இருபத்து நாலு மணி நேரமும் வரும். உன்னை வரச் சொல்லி எழுதலாம் என்று நினைத்தேன். வந்தாலும் வருவாய். ஆனால் மாஷிமாவை விட்டு, அந்தத் தெருவை விட்டு, எனக்காகக் குப்பையைத் தட்டில் வைத்து நீட்டினார்களே, அவர்களை விட்டு உன்னை வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குமே அவர்கள் வேண்டும். அங்கே நின்றுகொண்டு அதைக் கண்டுபிடித்தேன். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ராஜினாமா எழுதினேன்.

பெஹாலாவில் பழைய ஆட்கள் இரண்டு பேர் சின்னதாக ஒரு ரிப்பேர் கொட்டகை வைத்திருக்கிறார்கள், சாயப்பட்டறைப் பாய்லர்களைச் சரிபார்க்கிற வேலை. வா, பார்க்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வேலை என்று இன்னும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு நீ பெஹாலாவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாய் என்று படித்தபோது வெட்கத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகு பிரித்துப் பார்த்தேன். என்னை அப்படிப் பார்த்த பிறகும் மறுநாள் காலையில் நீ கேரியர் கட்டிக் கொடுத்திருக்கிறாய். இனி உன்னிடம் மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?

செத்துப்போன ஊர் என்று சொன்னது கோபத்தில். வேலை போனது எனக்கு, பழியை ஊர் மேல் போட்டேன். எனக்கு உன்னோடு இருக்க வேண்டும், பூர்ணிமா. கம்பெனி அனுப்பவில்லை, யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வருகிறேன். இதைப் பேசத் தெரியாமல்தான் ஆறு மாதம் பாய்லர், டர்பைன் என்று எதையெதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

இதை ஜங்ஷன் தபால் பெட்டியில் போட்டுவிட்டு மெட்ராஸ் வண்டி ஏறுகிறேன். அங்கிருந்து ஹவுரா. இந்த மாதிரித் தபாலெல்லாம் அங்கே வந்து சேரும் லட்சணம் எனக்குத் தெரியும், அநேகமாக நான்தான் முந்துவேன். அப்படி ஆனால், இது வரும்போது நானே வாசலில் வாங்கிப் பிரிப்பேன். இதில் உள்ளதை நானே வாயால் சொல்லிவிட்டேனா என்று சரிபார்த்துக்கொள்கிறேன்.

உன்,
ஜே.பி.